பெரியப்பாவைத் துரத்திய பெட்டி

மார்ச் 3, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. முழுதாக இல்லை, அரைவாசி. கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்று இந்த மாதம் என்னைச் சோதித்துப் பார்க்கப்போகிறது. உருத்திரபுரத்தில் வீட்டில் இருந்தபடியே செய்யலாம். யாராவது கூகிளில் தேடினால் எங்கள் வாடிக்கையாளரின் விளம்பரம் மேலே வரவேண்டும். மாதம் முடிவதற்குள் அதன் வழியாக ஓர் ஓடராவது வந்தால் நிரந்தரம். வராவிட்டால் அப்பா சொல்கிற அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சை. அந்தப் பரீட்சையில் அப்பாவுக்கு ஒரு பக்தி.

முதல் வாடிக்கையாளர் கிளிநொச்சி தவராசா அண்ணரின் மலர்ச்சாலை. சவப்பெட்டி, வாகனம், பந்தல், பாண்ட் வாத்தியம். எனக்கென்று வந்து வாய்த்தது!

மார்ச் 6, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். இங்கே செத்தவீட்டை யார் நடத்துகிறார்கள்? கனடாவில் இருக்கும் பிள்ளைகள். பெட்டியைக்கூட அங்கிருந்து ஃபோனில்தான் தெரிவுசெய்கிறார்கள். ஆகவே விளம்பரத்தை ரொறன்ரோவுக்கு விட்டேன். ஒருமுறை பெட்டியைப் பார்த்தவர் வேறு எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதே பெட்டி பின்னால் போகும்படியும் செய்துவிட்டேன். வேலையில் எனக்கு மேலே இருக்கும் வவுனியா ஸாஜிதா அக்கா என்னைக் கெட்டிக்காரி என்றா.

மார்ச் 7, வெள்ளி

காலையில் பார்த்தால் கிளிக்குக்கு மேல் கிளிக். ரொறன்ரோவில் என்ன, கொள்ளைநோயா?

மார்ச் 11, செவ்வாய்

ஓடர் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒதுக்கிய காசு மட்டும் விடியமுன்னமே முடிந்துபோகிறது. காரணம் இன்றுதான் தெரிந்தது. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அப்பா எழுதியிருக்கிறார்: "பிள்ளையின்ர முதல் வேலை. எல்லாரும் தேடி அந்த விளம்பரத்தை ஒருக்கா அமத்திவிடுங்கோ." ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் விடுவார்களா? கலியாணத்துக்குச் சமுகம் கொடுப்பதுபோல் எல்லோரும் சமுகம் கொடுத்திருக்கிறார்கள். சின்னத்தை சாமி கும்பிட்டுவிட்டு அமத்துகிறாவாம். பெரியப்பா காலையும் மாலையும். ஒவ்வொரு அமத்தலுக்கும் தவராசா அண்ணரின் காசு போகிறது. ஐயோ, இந்த மனிசருக்கு நான் எப்படிச் சொல்லுறது?

மார்ச் 12, புதன்

சொன்னேன். சின்னத்தை குழுவிலிருந்து விலகிவிட்டா.

மார்ச் 15, சனி

தவராசா அண்ணர் ஃபோன் எடுத்தார். கனடாவிலிருந்து ஃபோன் வருகிறதாம், ஆனால் பெட்டிக்கு இல்லை, எங்கள் வீட்டார் பெட்டி தேடுவதாகக் கேள்விப்பட்டு. "பிள்ளை, உங்கட வீட்டில ஆருக்குச் சுகமில்லை எண்டு கேக்கினம்." கதை ஊருக்கும் வந்துவிட்டது. பின்னேரம் பக்கத்து வீட்டு இரஞ்சிதம் மாமி அப்பாவைப் பார்க்க பிஸ்கட்டும் தோடம்பழமுமாக வந்தா. அப்பா வேலி அடைத்துக்கொண்டிருந்தார். மாமிக்கு முகம் விழுந்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

பெரியப்பா எடுத்தார். அப்பாவின் மூத்த அண்ணன். நான் பிறக்கமுன்னமே கனடா போனவர், ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

"கிரிக்கெட் பாத்தாலும் பெட்டி. மழை வருமோ எண்டு பாத்தாலும் பெட்டி. எனக்கு நாள் வந்திட்டுதோ பிள்ளை?"

அது என்னுடைய வேலைதான் என்று விளங்கப்படுத்தினேன். மற்றவர்களை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் ஏன் இவ்வளவு துரத்துகிறது என்று கேட்டார். இரண்டு நேரமும் அமத்தினால் வேறு யாரைத் துரத்தும்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் துரத்தலை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

மறுபடியும் பெரியப்பா. "பெட்டியைக் காணேல்லை. ஆருக்கும் வித்துப்போட்டாங்களோ?"

மார்ச் 28, வெள்ளி

ஓடர்! தேக்குப் பெட்டி, பாண்டுடன். ஓடர் செய்பவர்: பொன்னையா. இறந்தவர்: பொன்னையா. இறந்த திகதி: பிறகு அறிவிக்கப்படும்.

பெரியப்பாவின் பெயர்! உடனே அவருக்கு எடுத்தேன். "இஞ்ச எண்டால் மெசினுக்குள்ள தள்ளிப்போடுவாங்கள் பிள்ளை. நான் உருத்திரபுரத்திலதான் எரியோணும்" என்றார்.

என் சொந்தப் பெரியப்பா என்று ஸாஜிதா அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அக்கா சிரித்து முடிய நேரம் எடுத்தது. விளம்பரத்தால் வந்தவர்தானே, கணக்குக்குச் சொந்தபந்தம் தெரியாது என்றா. வேலை நிரந்தரம். அப்பா பரீட்சைப் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

பெரியப்பா வந்திருக்கிறார், பெட்டியை நேரில் பார்க்க. நேற்று மலர்ச்சாலைக்குப் போனோம். உள்ளே படுத்துப் பார்த்தார். கால் இடிக்கிறதாம், இன்னும் கொஞ்சம் நீட்டாக வேண்டுமாம். தவராசா அண்ணர் அளவுநாடா எடுத்துவந்தார். அப்பா தலைமாட்டில் நின்று அழுதார். பெட்டிக்குள்ளிருந்து பெரியப்பா, "நான் இன்னும் சாகேல்லையடா" என்றார்.

நேற்றுப் பின்னேரம் விளம்பரத்தை எங்கள் கிளிநொச்சிக்கும் விட்டிருந்தேன். இன்று காலை திறந்தால் இங்கிருந்தே ஒரு கிளிக். பெரியப்பாதான் என்று முற்றத்துக்குப் போனேன். அவர் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. பக்கத்தில் அப்பா, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஃபோன். என்னைக் கண்டதும் மறைத்தார்.

"சும்மா பாத்தனான். அண்ணைக்குப் பக்கத்தில வைக்க அதே மாதிரி இன்னொண்டு இருக்கோ எண்டு."

இதை நான் ஸாஜிதா அக்காவுக்கு அனுப்பும் அறிக்கையில் எழுதப்போவதில்லை.