அன்று கொடுக்காத பந்து

என் கண்ணான பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. போனில் சொல்ல வாய் வராத சேதி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்துப் படிக்கட்டில் நானும் தையல்காரரும் பழைய கண்டக்டரும் இன்னும் சாயங்காலம் கூடுகிறோம். இப்போது ஆடுகிற பெண்கள் கெட்டிக்காரிகள்தான், ஆனால் ஆளுக்கொரு திசை. "அஞ்சு பேரும் அஞ்சு பஸ்ல போறீங்களேம்மா!" என்று கண்டக்டர் நேற்று கத்தியேவிட்டார். உடனே பேச்சு உங்கள் ஐவரிடம் வந்துவிடும். நீ திரும்பிப் பார்க்காமலே பந்தை விடுவாய், அங்கே உன் சிநேகிதி நெட்டச்சி நிற்பாள். "அந்த ரெண்டு பொண்ணுக்கும் நடுவுல நூல் கட்டியிருந்துச்சு" என்பார் தையல்காரர். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. பேச்சு அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வந்ததும் மூவரும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

நெட்டச்சி வேலை செய்யும் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதே எழுந்து நடக்காவிட்டால் பிறகு படுக்கைதான் என்கிறார் டாக்டர். இவளோ சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். நாங்கள் மூவரும் போனோம். பழைய ஆட்டங்களைச் சொன்னதும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, கடைசி நிமிஷத்துல கூடைக்குக் கீழ தனியா நின்னேன். அவ பாத்தா. பாத்தும் ஏன் குடுக்கல? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். ஏழு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். நான் கையை உருவிக்கொண்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று காலை உனக்குத் தலை பின்னும்போது காதில் ஓதியது நான்தானே. "நீ ஓடி ஓடிக் குடுக்க, பேரு அவளுக்கா? இன்னிக்கு நீயே போடுடி" என்றேன். நீ போட்ட பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு புள்ளியில் தோற்றீர்கள். எல்லோரும் உன்னைச் சுயநலக்காரி என்றார்கள். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெட்கத்தில் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், ஆட்டத்தை எங்கே பார்த்தேன்? உன்னைத்தான் பார்த்தேன். பேத்திப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

நாளை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். என்னை அவள் திட்டினால் திட்டட்டும். ஆனால் அவளை எழுப்பி நிறுத்த என்னால் ஆகாது. உன் குரலைக் கேட்டால் எழுந்தாலும் எழுவாள். இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு, கண்ணே. என் மேல் கோபம் இருந்தால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளோடு பேசினால் போதும்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பாட்டி