ஜிர்கலானுக்கு ஒரு மாத மூட்டை

ஜூன் 27

எங்கள் வீட்டுத் துரை இன்று கூடாரம் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு வருடம் மாஸ்கோவில் அடுத்தவன் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்துவிட்டு வந்த மனிதருக்குச் சொந்த வீட்டுச் சுவர் பெயர்ந்து கிடப்பது கண்ணில் படவில்லை. பிள்ளைகள் இருவரையும் ஒரு மாதம் மலைமேல் ஜிர்கலான் மேய்ச்சல் வெளிக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். மழலையர் பள்ளிச் சமையலறையில் எனக்கு ஆகஸ்ட் வரை விடுப்பு கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

"நீ ஓய்வெடு, ஜிபெக்" என்கிறார். ஓய்வு! இரண்டு வருடமாகத் தோன்றாதது இப்போது தோன்றியிருக்கிறது.

கூடாரம் ஆரஞ்சு நிறம். தொலைந்துபோனால் ஹெலிகாப்டரில் தேடுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

ஜூன் 28

எதிர்வீட்டு கானிகெய் அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கூடாரத்தை முற்றத்தில் விரித்து, கம்பி எது கொம்பு எது என்று தெரியாமல் இவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னடி, உன் வீட்டுக்காரர் டூரிஸ்ட் ஆயிட்டாரா? ஜெர்மன்காரங்கதானே இப்படிக் கலர் துணிக்குள்ள படுத்துக் கிடப்பாங்க!"

"ஆமாக்கா. நாளைக்கு நம்மளையே நிக்க வெச்சு போட்டோ எடுப்பாரு."

அக்காவின் மாமனார் குடும்பம் வருடா வருடம் கைக்குழந்தையோடும் ஆடுமாடோடும் அதே மேய்ச்சல் வெளிக்குத்தான் போகிறது. சமைக்க ஒரு கொப்பரை, கம்பளி விரிப்பு, மாவு மூட்டை. ஒரு காலைப்பொழுதில் லாரியில் ஏற்றிவிடுவார்கள். இவருக்கு நம் மலையில் படுக்க யாரோ வீடியோவில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 1

மாஸ்கோ பெட்டியை இன்றுதான் திறந்தார். பயணத்துக்கென்றே அங்கே வாங்கினாராம். மழைச்சட்டை, மலை பூட்ஸ், உள்ளே புகுந்து ஜிப் போட்டுக்கொள்ளும் படுக்கைப் பைகள். மூத்தவள் சிர்காவின் பாதம் பூட்ஸுக்குள் பாதிதான் போயிற்று. சின்னவன் தெமிருக்கு மழைச்சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. எல்லாமே இவர் கிளம்பிப்போனபோது அவர்கள் இருந்த அளவு.

"போட்டோவுல சின்னதாத்தானே தெரிஞ்சாங்க" என்றார்.

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான்.

ஜூலை 2

தெமிர் என் காதோடு கேட்டான்: "இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாரு?"

அப்பான்னு சொல்லுடா என்று அதட்டினேன். அதட்டி என்ன? எனக்கும் அதேதான் தெரியவேண்டும். மறுபடி மாஸ்கோ போகிறாரா, இல்லையா? அவர் சொல்லவில்லை. நான் கேட்கமாட்டேன். ஒரு மாதம் மலையில் கொஞ்சிக் குலாவிப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு இவர் பாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார். அதன் பிறகு "அப்பா எங்கே, அப்பா எங்கே" என்று அழுகிறதுகளை மடியில் போட்டுத் தட்டப்போவது யார்? பழகாமலே இருந்துவிட்டால் அழவும் வேண்டாமே. இதை நினைத்தால்தான் எனக்கு அந்தக் கூடாரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 4

கூடம் முழுக்கக் கடை விரித்திருக்கிறார். மூன்று டார்ச். மடக்கு நாற்காலி. மடக்கு மண்வெட்டி. காப்பிக்கொட்டை அரைக்க ஒரு கைமிஷின். தண்ணீரை வடிகட்ட ஒரு குழாய் — ஜிர்கலானில்! பனி உருகி வரும் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கப்போகிற முதல் கிர்கிஸ்காரர் இவராகத்தான் இருப்பார்.

தெமிருக்கு மாற்றுக் கால்சட்டை மொத்தமே இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்.

"ராத்திரி அவனுக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"வெளிய கூட்டிட்டுப் போவேன்."

"அப்ப சிர்கா முழிச்சுக்கிட்டு, இருட்டா இருக்குன்னு கத்தினா?"

உடனே எழுந்தார். கடைக்குப் போய் நான்காவது டார்ச் வாங்கி வந்தார்.

ஜூலை 5

அவர் கட்டுகிறார், நான் பிரிக்கிறேன். நான் கம்பளி விரிப்பை வைக்கிறேன், அவர் எடுத்துவிடுகிறார். காற்று ஊதும் மெத்தை இருக்கிறதாம், விரிப்பு வீண் கனமாம். அவர் காப்பி மிஷினை வைக்கிறார், நான் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காய்ந்த தயிர் உருண்டைகளைப் போடுகிறேன். வாய் பேசுவதில்லை. மூட்டைதான் பேசுகிறது.

சிர்கா நடுவில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களா, வெளையாடுறீங்களா?"

ஜூலை 7

போய்விட்டார்கள். கானிகெய் அக்காவின் கொழுந்தனார் லாரியில் ஏற்றிக்கொண்டார். தெமிர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இவர் அவனை வாங்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, சிமெண்ட் மூட்டையைக்கூட அதைவிடப் பக்குவமாகத் தூக்குவார்கள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதுதான் ஓய்வாம்.

ஜூலை 8

மனிதர் போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்! ஜன்னல் திரைக்குப் பின்னால் கிடக்கிறது. மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும், தினமும் கூப்பிடுகிறேன் என்று வாய் கிழியச் சொன்னவர். நான்கு டார்ச் எடுத்துக்கொள்ளத் தெரிகிறது. ஐயோ, பிள்ளைகளுக்கு ஒன்று என்றால்? எதைச் செய்தார் உருப்படியாக, இதைச் செய்ய?

ஜூலை 10

அந்தப் போன் இரண்டு நாளாக அடித்துக்கொண்டே இருக்கிறது. இன்று எடுத்தேன். மாஸ்கோ மேஸ்திரி, வதீம் என்று பெயர். ஆகஸ்ட் முதல் தேதி புதுக் கட்டடம் ஆரம்பமாம். "ஒண்ணாந்தேதி இங்க நின்னா வேலை அவனுக்கு. இல்லேன்னா ஆளா இல்லை? சொல்லிடுங்க."

சொல்லிடுங்க.

ஜூலை 11

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? போனை அணைத்துப் பரணில் போட்டால் போயிற்று. தேதி தாண்டிவிடும், இவர் இங்கேயே கிடப்பார். காலையிலிருந்து இதே நினைப்பு. பள்ளிக்கூடத்துக் கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஆனால் அப்படி இருக்க வைத்து எனக்கு என்ன? விஷயம் தெரியாமல் ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் இருக்கிறார் என்றா அர்த்தம்? போகிறவர் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் யாரையும் கட்டி வைக்கப்போவதில்லை. நாளை சனிக்கிழமை. மேலே போகிறேன். மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

ஜூலை 12, ஜிர்கலான்

கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை.

குதிரைப்பால் வாங்க மேலே வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு மதியம் வந்து சேர்ந்தேன். தூரத்திலிருந்தே அந்த ஆரஞ்சு தெரிந்தது. தெமிர் அவர் தோளில் உட்கார்ந்து, அவர் முடியைக் கடிவாளமாக இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினானே தவிர இறங்கி வரவில்லை. மூக்கு ஒழுகியிருந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். சிர்காவின் தலையை யார் பின்னினார்களோ, அதைப் பின்னல் என்று சொல்ல முடியாது.

வரும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. போனை நீட்டினேன்.

"உங்க மேஸ்திரி கூப்பிட்டான். ஒண்ணாந்தேதிக்குள்ள வரணுமாம். நேரா சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "இன்னும் ரெண்டு நாள் அடிப்பான். அப்புறம் வேற ஆள் போட்டுக்குவான்."



"அப்ப... தெரிஞ்சேதான் விட்டுட்டு வந்தீங்களா?"

"கையில இருந்தா எடுத்திருப்பேன். எடுத்தா சரின்னு சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே."

"சரி, வேற யார் போன்லயாவது எனக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? ரெண்டு பேரையும் ஓநாய் தின்னுடுச்சோன்னு நான் அங்க செத்துக்கிட்டிருக்கேன்!"

தலையைக் குனிந்துகொண்டார். "உன் நம்பர் மனப்பாடமா தெரியலை."

கையில் கிடைத்த செருப்பை அவர் மேல் எறிந்தேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை கோபம் இல்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வண்டி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மாற்றுத் துணி இல்லை, போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை, பல் துலக்கவும் எதுவும் இல்லை. இத்தனை நாள் இவருக்கு மூட்டை கட்டத் தெரியவில்லை என்று வாய் வலிக்கப் பேசியவள் வந்திருக்கிற லட்சணம் இது. அதைச் சொல்லிக் காட்டவாவது செய்தாரா? இல்லை. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் ஈரம்.

செப்டம்பர் 1

சிர்காவை முதல் வகுப்பில் சேர்க்க இவர் கூட்டிப்போனார். இங்கே ஒரு கட்டடத்தில் பூச்சு வேலை கிடைத்திருக்கிறது, அதற்குப் போகிற வழியில் விட்டுவிடுகிறேன் என்றார். ஆசிரியைக்குக் கொடுக்க வேண்டிய பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போய், குழந்தையை ஐந்தாம் வகுப்பு வரிசையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். ஆசிரியை எனக்குப் போன் செய்து சிரிக்கிறாள். நாளைக்கும் இவர்தான் கூட்டிப்போவாராம், சிர்கா இப்போதே சொல்லிவிட்டாள். இவரை வைத்துக்கொண்டு நான் எப்படித்தான் காலம் தள்ளப்போகிறேனோ.