பழந்துணியில் ஒரு சின்ன நட்சத்திரம்

சேலம்,
திருவருகைக் காலம், முதல் வாரம்.

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க காலையும் மாலையும் ஜெபமாலை சொல்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை, பிரஷர் பார்த்தாயா இல்லையா என்பதைக்கூட மாப்பிள்ளையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவரும் பாவம், இருக்கு அத்தை, கொஞ்சம் ஏறித்தான் இருக்கு என்று இழுக்கிறார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்குமா? நம் தெருக்கோடி பெரியசாமி அண்ணன் மகள் சௌமியா நாளைக்குக் கனடாவுக்குக் கிளம்புகிறாள், உன் ஊரில்தான் இறங்குகிறாள் என்பதால் பொம்மைப் பையோடு இதையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை உன்னால் பாதியில் வெட்ட முடியாது பார்.

நீ கேட்டபடி கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டுவதற்குத் துணி பொம்மைகள் தைத்துவிட்டேன். அப்பா எடப்பாடி போய்த் தெரிந்த தறிக்காரரிடம் வெட்டுத்துண்டுகளை ஒரு மூட்டை அள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு மணி, எனக்குப் புறா, உனக்குச் சம்மனசு, மாப்பிள்ளைக்குப் பச்சையில் ஒரு மரம். அட்டையில் வரைந்து, இரண்டு துணியையும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சேர்த்து ஓரம் தைத்து, ஒரு விரல் போகிற அளவு திறப்பு விட்டுப் புரட்டி, இலவம்பஞ்சு அடைத்து மூடியிருக்கிறேன். சம்மனசின் இறக்கை மட்டும் முதலில் சுருங்கிக்கொண்டு, தேவதூதன் இறக்கையாக இல்லாமல் கோழி இறக்கை மாதிரி வந்தது, மடிப்புகளில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்த பிறகுதான் விரிந்தது. பஞ்சில் விதை இருந்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சௌமியா சொல்லிவிட்டாளா, உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதை பொறுக்க உட்கார்ந்தார், வீடு முழுக்கப் பஞ்சு, அவருக்குத் தும்மல் நின்றபாடில்லை.

ஐந்தாவதாக, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கென்று நீ கேட்ட சின்ன நட்சத்திரத்தை மட்டும் நான் தைக்காமல் விட்டிருந்தேன். எங்கே அது என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது துணி தீர்ந்துவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முந்தின வாரம்தான் அப்பா அந்த மூட்டையை வீடியோவில் உனக்குக் காட்டியிருக்கிறார், என் பொய் எத்தனை நேரம் நிற்கும்? நீயே நம்பலைன்னா வேற யாரும்மா நம்புவாங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தை எனக்குள்ளேயே கிடக்கிறது. நான் நம்பாதவள் இல்லை ஜெஸ்ஸி, பயந்தவள். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணியில் ஊசி போடக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள். போன வருஷம் நீ தொட்டில், குல்லாய், காலுறை என்று ஒரு அறையையே நிரப்பி வைத்திருந்தாய், எட்டாம் மாசத்தில் பிள்ளை தங்காமல் போனது. அந்த அறையை நீ ஒருத்தியாகக் காலி செய்ததை நான் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வந்து கட்டிப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. வாங்கி வைத்ததால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன காரணம் எனக்கும் புரிந்தது. ஆனால் ஊசியைக் கையில் எடுத்தால் விரல் நடுங்குகிறதே, அதற்கு நான் என்ன செய்யட்டும்? இப்போதும் அதே எட்டாம் மாசம், அதே பிரஷர், காலும் வீங்கியிருக்கிறதாம், குழந்தையை முன்னாலேயே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம்.

இதற்கு நடுவில் பங்குச் சாமியார் கோயில் கிறிஸ்துமஸ் குடிலில் இருக்கும் தீவனத் தொட்டிக்கு ஒரு புது மெத்தை தைத்துத் தரச் சொல்லியிருந்தார், பழையதை எலி கடித்துவிட்டது. திங்கட்கிழமை வெள்ளைத் துணியில் அதைத் தைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பஞ்சிலிருந்து தலையைத் தூக்கி, ஏம்புள்ள, அது ஆருக்கு மெத்தை என்றார். பாலன் இயேசுவுக்குத்தான், தெரியாத மாதிரி கேட்கிறீர்களே என்றேன். அந்தப் புள்ள இன்னும் பொறக்கவே இல்லையே, இருவத்திநாலு ராத்திரி பூசையிலதான பொறக்கும், அதுவரைக்கும் தொட்டி காலியாத்தான கெடக்கும், நீ இப்பவே மெத்தை தெச்சுட்டு உக்காந்திருக்கறயே என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, சாமி விஷயமும் நம்ம விஷயமும் ஒன்றா என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. மாதா மட்டும் பயப்படாமயா இருந்திருப்பா, நெறமாசமா எடமில்லாம ஊடு ஊடா அலைஞ்சவ தான, பயந்துட்டேதான் துணி எடுத்து வெச்சிருப்பா என்று சொல்லிவிட்டு மறுபடியும் தும்ம ஆரம்பித்தார். நான் மெஷினை நிறுத்தினேன். இத்தனை வருஷமாகக் காலித் தொட்டிக்குத் துணி விரிக்கிறேன், ஒருநாளும் என் கை நடுங்கியதில்லை.

அதனால் அந்த நட்சத்திரத்தையும் தைத்துப் பையின் அடியில் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். புதுத்துணி வேண்டாம் என்று நான் தினமும் கட்டுகிற ஊதாப் பூப்போட்ட வாயில் சேலையின் முந்தானையை வெட்டினேன். பிறந்த குழந்தையை முதலில் பழந்துணியில்தானே வாங்குவோம், அதுதான் மெத்தென்று உறுத்தாமல் இருக்கும். ஒரு முனை கோணலாக வந்திருக்கிறது, அது என் விரல் செய்த வேலை, பிரிக்காதே. பெயர் தைக்கச் சொன்னாய், அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. சிவப்பு நூல் வைத்திருக்கிறேன், உன் கையால் நீயே தைத்துக்கொள். இதைத் தைத்த பிறகு உனக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் என்னை மன்னிக்க மாட்டேன். தைக்காமல் விட்டு, அந்தப் பிள்ளையை நம்பிக்கொண்டு அவ்வளவு தூரத்தில் நீ ஒருத்தி மட்டும் நின்றாலும் மன்னிக்க மாட்டேன். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன், நீ ஒருத்தியாக நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. இனிமேல் எது வந்தாலும் இரண்டு பேருமாகப் பயப்படுவோம்.

நாற்காலியில் ஏறி மரத்தில் கட்டாதே, மாப்பிள்ளையைக் கட்டச் சொல், கண்ணுக்குத் தெரிகிற கிளையில் கட்டச் சொல். பிரஷருக்கு உப்பு ஆகாது, ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவரிடம் சண்டை போடாதே. இடதுபக்கம் ஒருக்களித்துப் படு. தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. விசா பேப்பர் வந்த அன்றைக்கே நான் கிளம்பிவிடுவேன், அப்பா என் பெட்டியைத் தூசி தட்டித் தயாராக வைத்துவிட்டார்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் உன் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக. உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். பை கைக்கு வந்ததும் எனக்குப் போன் செய். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு உன் குரல் வேண்டும்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே தைத்த உன் அம்மா,
தெரசம்மாள் சவரிராயன்