ஒரு கட்டை கீழே

ஜூலை 2, செவ்வாய்

ரோஸல் போன் செய்தான். தொண்டை அறுவை முடிந்து ஐந்து மாதம். டாக்டர் பாடலாம் என்றுவிட்டாராம். இருபதாம் தேதி டேட்டன் நகரத்து ஆற்றங்கரைப் பூங்காவில் எங்கள் பழைய குழுவின் கச்சேரி. "'சனிக்கிழமைச் சட்டை' பாட்ட ரெக்கார்டுல பாடின அதே சுருதியிலதான் பாடுவேன் வெர்லீன். முடியலேன்னா அன்னியோட மேடைக்கு முழுக்கு."

ரெக்கார்டில் பாடியபோது அவனுக்கு இருபத்தேழு. இப்போது எழுபத்திரண்டு. எங்களுக்கு விவாகரத்தாகி முப்பது வருஷம். குழுவிலிருந்து மட்டும் யாரும் யாரையும் விலக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் கிளியோஃபஸ் வீட்டு கார் ஷெட்டில் ஒத்திகை. கடைசி அடியின் உச்சத்தில் ரோஸலுக்குக் குரல் உடைந்தது. மூன்று தடவை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சட்டைக் காலர் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

கிளியோஃபஸ் பேஸ் கிட்டாரைக் கீழே வைத்தான். "தங்கச்சி, சுருதிய ஒரு கட்டை இறக்கிடுவோம். அவன்கிட்ட மூச்சு விடாதே."

எங்கள் தொழிலில் இது புதிதல்ல. நரைத்தவர்கள் எல்லோரும் ரெக்கார்டுக்குக் கீழேதான் பாடுகிறோம், வெளியே சொல்வதில்லை. முதல் சுரத்தைக் கொடுப்பது என் கீபோர்டு. குரல் நன்றாக வந்துவிட்டால் எந்தப் பாடகனும் ஏன் என்று கேட்கமாட்டான்.

கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை அமுக்கி, அந்தப் பாட்டுக்கான எண்ணிலேயே பதித்து வைத்தேன்; எண்ணை அழுத்தினால் சுருதி தானாக இறங்கிவிடும். கிளியோஃபஸ் சிரித்தான். "சர்ச்சுல அம்பது வருஷம் ஆர்கன் வாசிச்ச கை, பொத்தானா அமுக்குது!"

ஜூலை 10, புதன்

ரோஷம் வந்துவிட்டது. பொத்தான் வேண்டாம். வீட்டுப் பியானோவில், ஒரு கட்டை கீழே, கையாலேயே பழகுகிறேன்.

ஜூலை 15, திங்கள்

கை பழகிவிட்டது. இடது மோதிர விரல் மட்டும் மடங்க மறுக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 20, சனி

எழுதிவிடுகிறேன்.

மாலை ஐந்து மணிக்கும் வெயில் இறங்கவில்லை. புல்வெளி முழுக்க மடக்கு நாற்காலிகள், சவ அடக்கம் செய்யும் கடையின் விளம்பரம் போட்ட அட்டை விசிறிகள். முதல் பாட்டுகள் நன்றாகவே போயின. பிறகு 'சனிக்கிழமைச் சட்டை'. எண்ணை அழுத்தினேன், ஆரம்பித்தேன். கர்ண கடூரம்! எண்ணோடு பொத்தானும் சேர்ந்து விழுந்துவிட்டது. கை ஒரு கட்டை இறக்க, மெஷினும் ஒரு கட்டை இறக்கியிருக்கிறது. நான்தானே பதித்தேன்? எப்படி மறந்தேன்?

ரோஸல் கையைத் தூக்கினான். டிரம்ஸ் நின்றது. மைக்கைத் தொடையோடு அழுத்திக்கொண்டு என்னிடம் வந்தான். சுருதிப் பொத்தானில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"எவ்ளோ இறக்கினீங்க?"

"மத்தவங்க ஒண்ணு. நான் தப்பா ரெண்டு."

"எனக்குத் தெரியாம?"

"ஆமா."

இறங்கிப் போய்விடுவான் என்றே நினைத்தேன். பயந்தேன். கச்சேரிக்காக இல்லை, அவனுக்காக.

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். "குடும்பம் நடத்துனப்பவும் இப்படித்தாங்க. இவகிட்ட சட்டையத் துவைக்கக் குடுத்தா சுருங்கித்தான் வரும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன் வரிசையில் ஒருத்தி கத்தினாள்: "பரவால்ல, போட்டுக்கோ ரோஸல்! அதுவும் உனக்கு எடுப்பாத்தான் இருக்கும்!"

என் பக்கம் திரும்பினான். "ஒரு கட்டை. குடு."

விளக்கை அணைத்தேன், சுரம் கொடுத்தேன். உச்சம் முழுசாக வந்தது. ஜனம் எழுந்து நின்றது. என் கண்ணாடி நனைந்துவிட்டது. வியர்வை என்று எழுதலாம். வியர்வை இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இனி கை போகாதபடி அந்தப் பொத்தான் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். ரோஸல் போன் செய்யவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ரோஸல் வந்தான். காகிதத்தில் சுற்றிய வறுத்த கெளுத்தி மீன், ஆகஸ்ட் கச்சேரிக்கான பாட்டுப் பட்டியல். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், எவ்வளவு இறக்க வேண்டும் என்று பென்சிலில் அவனே எழுதியிருந்தான். 'சனிக்கிழமைச் சட்டை'க்கு ஒன்றரை.

"ஒண்ணுலயே அன்னிக்கு மூச்சு முட்டிடுச்சு. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

மீனைத் தின்றோம். ஒன்றரை என்றால் அமுக்க வேண்டிய கறுப்புக் கட்டைகள் அதிகம். இந்த விரலை வைத்துக்கொண்டு முடியாது. கையை மேஜைமேல் வைத்து, மடங்காத விரலை அவனுக்குக் காட்டினேன்.

விரலைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப பொத்தான அமுக்கேன், பைத்தியக்காரி."

கீபோர்டுப் பொத்தான் மேலிருந்த பிளாஸ்டரைப் பிரித்தேன்.