பன்னிரண்டு வோல்ட் என்று நான் சொன்ன சனிக்கிழமை

என் அன்பு அப்பா,

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா நித்திரை. உங்கள் தம்பி, எங்கள் சித்தப்பா, ஹோலில் படுத்திருக்கிறார். நாளைக் காலை கிரான்பர்ன் வீட்டை விட்டுவிட்டு, கிரெய்கிபர்னில் அவருடைய வீட்டுக்கே குடிபோகிறோம். ஃபிரிட்ஜ், கட்டில், சுத்தியலும் ஸ்பானரும் கிடக்கிற உங்கள் ஆயுதப் பெட்டி எல்லாம் உங்கள் ட்ரெயிலரில் ஏற்றியாயிற்று. சித்தப்பாவின் யூட், பின்னால் திறந்த தட்டுள்ள வண்டி, அதை இழுக்கும். அவருக்குப் பக்கத்தில் அம்மா, பின் சீட்டில் நான்.

அந்த ட்ரெயிலரின் பிரேக் பிடிக்காது, அப்பா. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையை நீங்கள் மறந்திருப்பீர்களா? இரண்டு நாளாக ட்ரெயிலரின் மின்சார பிரேக் ஒரு நேரம் பிடிக்கிறது, ஒரு நேரம் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வேலித் தூண்களும் சீமெந்து மூட்டைகளும் ஏற்றி நின்றது. உங்கள் யூட்டுக்குள் இருந்து நீங்கள் பிரேக் லீவரை அமத்த, நான் வெளியே வோல்ட் பார்க்கிற மீற்றரைப் பிடிக்க வேண்டும். ட்ரெயிலரை யூட்டோடு இணைக்கிற பிளக்குக்குப் பின்னால் வயர்கள் பிரிகிற பெட்டியில், சிவப்பு முனையை நீல வயரில் வை, கறுப்பை வெள்ளையில் வை என்று சொன்னீர்கள்.

சிவப்பை வைத்தேன். வெள்ளை வயருக்குக் கை எட்ட, சேற்றில் முழங்கால் குத்திக் குனிய வேண்டும். சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போக வெளிக்கிட்டு நின்றேன், புது வெள்ளைச் சப்பாத்தோடு. அதனால் கறுப்பு முனையை யூட்டின் பின் இரும்பில் தொட்டேன். எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

"எவ்வளவு காட்டுது, பிள்ளை?"

"டுவெல்வ், அப்பா. ஓகே!"

"என்ர இஞ்சினியர் ஓகே எண்டால் பிறகென்ன."

சிரித்துக்கொண்டு போனீர்கள். அந்த இறக்கத்தில், சிவப்பு விளக்குக்கு முன்னால், அவ்வளவு பாரமும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தபோது என்னை நினைத்தீர்களா?

செத்தவீட்டுக்கு வந்த அங்கிள்மார் விபத்துக்கு மழைதான் காரணம் என்றார்கள். அம்மா வேகம் என்றார்.

ட்ரெயிலர் திரும்பி வந்த அன்று, ஒருவரும் இல்லாத நேரம் அந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை வயர் முழுக்கப் பச்சைக் களிம்பு. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். பின் விளக்கு எரிய அது போதும், பிரேக்குக்குப் போதாது. மின்சாரம் போகிற வழி சரியாகத்தான் இருந்தது. திரும்பி வருகிற வழி, அந்த வெள்ளை வயர்தான், அறுந்துகொண்டிருந்தது. நான் யூட்டின் இரும்பில் தொட்டதால் மீற்றர் அந்த வயரைப் பார்க்கவே இல்லை. நீங்கள் சொன்ன இடத்தில் வைத்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கை மூடி, திரும்பத் திருகிவிட்டேன்.

இன்று பின்னேரம் சித்தப்பா பிரேக்கைச் சோதித்தார். அம்மா உள்ளே இருந்து லீவரை அமத்தினார். சித்தப்பாவும் கறுப்பு முனையை யூட்டின் இரும்பில்தான் தொட்டார், அப்பா. என்னைப் போலவே.

"பன்னிரண்டு வருது, அண்ணி. இனி யோசியாதேங்கோ."

"ஓம் தம்பி. ஆனால் பாத்து ஓடுங்கோ. உங்கட அண்ணர் மாதிரிப் பறக்காதேங்கோ."

"அவர் எங்க பறந்தவர், அண்ணி? ஃப்ரீவேயில எண்பதில போய் பின்னால வாறவையிட்ட ஹோர்ன் வாங்கிற மனுசன்."

"அண்டைக்குப் பறந்தவர்தானே," என்று அம்மா சொன்னார். சிரிக்கவில்லை. நான் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இன்னும் ஒரு சுற்று டேப் ஒட்டினேன். சொன்னால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பார்? நான் இல்லாத இடத்தில் சித்தப்பாவிடம் என்ன சொல்வார்?

சற்று முன் எழும்பிப் போய், குசினி மேசையில் கிடந்த சித்தப்பாவின் யூட் திறப்பை எடுத்து வந்துவிட்டேன். என் கைக்குள் இருக்கிறது, இது இல்லாமல் யூட் ஸ்டார்ட் ஆகாது. காலையில் சித்தப்பா தேடுவார். "ஆர் எடுத்தது?" என்று கேட்பார். அப்போது நான் பேசியே ஆக வேண்டும்.

வாக்குத் தருகிறேன், அப்பா. முதலில் அம்மாவிடம், நீங்கள் வேகமாக ஓடவில்லை என்று சொல்வேன். மிச்சத்தை அதற்குப் பிறகு சொல்வேன். அம்மா என்ன செய்தாலும், அந்த வயரை மாற்றும் வரைக்கும் திறப்பைக் கொடுக்க மாட்டேன்.

பொய் சொல்ல நினைக்காமலே பொய் சொன்ன,
உங்கள் மகள்