பால்கொட்டாய் இறக்கத்துக்கு ஒரு விளக்கு

அக்கா,

உறுதியான செய்தி இது: உங்கள் வண்டியின் மேல்கேரியரில் இருந்த நீளமான பட்டை விளக்கு நேற்று மாலை கழற்றப்பட்டுவிட்டது. சொன்னவர் ஒயரிங் கடை ஆ சோங். கழற்றியவரும் அவரே என்பதால் இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

விளக்கை என்ன செய்வது என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஈப்போவில் என் எழுத்து மேசைமேல் குறுக்காகக் கிடக்கிறது. நாலடிக்கு மேல் நீளம். மேசையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியின் ஓரமெல்லாம் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். மண் கரைந்ததும் நம் தோட்டத்து மழைவாசம் அறைக்குள் வந்துவிட்டது. துடைப்பதை நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் இரண்டு பேரும் செமோருக்கு உள்ளே ரப்பர் தோட்டத்தின் ஒரே லயத்தில், மூன்று வீடு தள்ளிப் பிறந்தவர்கள். நான் பத்திரிகை வேலைக்கு ஈப்போ வந்தேன். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. முக்கால்வாசி வீடுகள் காலியாயின. மிச்சமிருந்த குடும்பங்களுக்கு உங்கள் பழைய ஃபோர்வீல் வண்டிதான் பஸ், லோரி, ஆம்புலன்ஸ் எல்லாம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியுமுன் நாலே முக்காலுக்குச் சரசுவை ஏற்றிக்கொண்டு கிளம்புவீர்கள். ஆறு மணிக்கு ஈப்போவில் அவருக்கு டயாலிசிஸ். உங்களோடு ஒரே நிரையில் பால்மரம் சீவியவர். கணவர் இல்லை, மகன் ஜோகூரில். நீங்கள் போகவில்லையென்றால் அவருக்கு அன்று இரத்தம் சுத்தமாகாது. கணக்கு அவ்வளவு எளிது.

பெரிய சாலைக்கு வர ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவில் பால்கொட்டாய் இறக்கம். ரப்பர்பால் எடைபோட்ட கொட்டாய் எப்போதோ இடிந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அடியில் ஓடை, இரண்டு பக்கமும் செம்பனை, இடது ஓரத்தில் ஆளை விழுங்கும் கால்வாய். மழை பெய்த மறுநாள் விடியலில் மூடுபனி அந்தப் பள்ளத்தில் குளம்போலத் தேங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் போன் செய்தது நினைவிருக்கிறது. "கண்ணு முன்ன மாதிரி இல்ல பேப்பரு. வண்டிக்கு மேல லைட் போடலாம்னு இருக்கேன். வந்து கூட நில்லு." பேப்பரு என்றுதான் என்னைக் கூப்பிடுவீர்கள். கூட நிற்கச் சொன்னீர்கள். நான் ஒரு வாரம் படித்துக் குறிப்புப் புத்தகத்தோடு வந்தேன். எத்தனை வாட், எத்தனை மீட்டர் எறியும், குவிந்த ஒளியா, பரந்த ஒளியா என்று நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

ஆ சோங்கின் கடை சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில். விளக்கு வாங்க வருகிறவர்களுக்குப் பொழுது சாய்ந்ததும் குன்றின்மேல் அடித்துக் காட்டுவது அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களின் வழக்கம். பக்கத்துக் கோப்பிக்கடைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாருடைய விளக்கு குன்றில் எவ்வளவு உயரம் ஏறியது என்று மறுநாளும் பேசுவார்கள்.

ஆ சோங் முதலில் ஒரு மஞ்சள் விளக்கை எடுத்தார். "அக்கா, குனிங் எடு லா. மஞ்ச. பம்பர்ல போடு, கீழ. மேல வெள்ள போட்டா பனியில சுசா, கஷ்டம்."

குன்றில் மஞ்சள் ஒரு மங்கலான வட்டமாக விழுந்தது. கோப்பிக்கடையில் யாரும் திரும்பக்கூட இல்லை. பிறகு நான் இந்தப் பட்டை விளக்கைக் காட்டச் சொன்னேன். குன்று முழுவதும் எழுந்து நின்றது. ஒவ்வொரு வெடிப்பும் கொடியும் தெரிந்தது. பொந்துகளிலிருந்து வௌவால்கள் கலைந்து பறந்தன. கோப்பிக்கடையில் கைதட்டினார்கள். "ஸ்டேடியம் மாதிரி இருக்கு லா!" என்றார் ஒருவர்.

"இதுதான்க்கா. மேல்கேரியர்ல, முன்னாடி ஓரத்துல. அந்த மஞ்சளப் பாருங்க, அகல்விளக்கு மாதிரி இருக்கு" என்றேன்.

"மலை வெள்ள, பேப்பரு. நம்ம ரோடு செவப்பு. பள்ளத்துல பனி வேற."

"லைட்டுக்கு அதெல்லாம் தெரியுமாக்கா? எத்தன மீட்டர் போவுதுங்கறதுதான் கணக்கு."

என்னைப் பார்த்தீர்கள். என் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தையும் பார்த்தீர்கள். "சரி, ஆ சோங். படிச்ச ஆளு சொல்றாரு, மாட்டு."

ஒரே சாட்சியை வைத்துச் செய்தி எழுதமாட்டேன் என்று சொல்லித் திரிந்தவன் ஒரு குன்றை நம்பினேன். பெரிய சாலைக்கு வந்ததும் மேல் விளக்குக்கு உறை போட்டுவிட வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை உங்களுக்கு நினைவூட்டினேன். நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

விளக்குக்குப் புகழ் வந்தது. முனீஸ்வரன் கோயில் திருவிழாவில் மழையில் மின்சாரம் போனபோது வண்டியைக் கோயிலைப் பார்த்து நிறுத்தினீர்கள். அந்த வெளிச்சத்தில்தான் பந்தி நடந்தது. "அண்ணே, நல்ல லைட்டா பாத்து எடுத்துக் குடுத்தீங்க" என்று ஆள் ஆளாக வந்து சொன்னார்கள். நீங்கள் சோறு பரிமாறிக்கொண்டே, "எல்லாம் பேப்பரு செலெக்‌ஷன்" என்றீர்கள். நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு போனில் கேட்கும்போதெல்லாம், "ரோட்டுக்கு லைட் எப்படிக்கா?" என்பேன். "அதுக்கென்ன, ஊரே பாக்குது" என்பீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களோடுதான் என் தொழிலே. அவர்களிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். உங்களிடம் கேட்கவில்லை. ஊரே பார்க்கிறது என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழவில்லை. கருமக்கிரியை முடிந்த மறுநாள் உங்கள் மகள் மீனா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். ஈப்போவில் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு லயத்துக்குத் திரும்பினாள். விடியுமுன் சரசுவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவாள். "அம்மா ஓட்டுன ரோடுதானே மாமா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வெயில் காலம் இருந்தவரை பார்த்துக்கொண்டாள். போன மாதம் ஒரு செவ்வாய் முழுவதும் மழை. புதன் விடியலில் இறக்கத்துக்கு வந்தவள், பனியைக் கண்டதும் இருக்கிற விளக்கையெல்லாம் போட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். "கண்ணாடி மேல வெள்ள வேட்டிய விரிச்ச மாதிரி ஆயிடுச்சு மாமா. பானெட்டே தெரியல" என்று பிறகு சொன்னாள். பிரேக்கை அழுத்தியதில் இடது முன்சக்கரம் கால்வாயில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் டிராக்டர் வந்து இழுக்க எட்டரை ஆகிவிட்டது. அன்றைய முறை தவறியது. அடுத்த நாள் சாயங்காலம் சரசுவுக்கு நீர் கோத்து மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கட்டிலில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தெளிந்ததும் சரசு மீனாவைத்தான் முதலில் பிடித்தார்.

"எதுக்குடி எல்லா லைட்டையும் போட்ட? அந்த எடம் வந்தா ஒங்கம்மா மேல் லைட்ட அமத்திருவா. ஹெட்லைட்டையும் கொறச்சிட்டு, சன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு ஊருவா. நான் இந்தப் பக்கம் டார்ச் அடிச்சுக் கால்வாய்க்கு எத்தன அடின்னு சொல்லிக்கிட்டே வரணும்."

"அம்மா எங்கிட்ட சொல்லவே இல்லியே அத்தை."

சரசு என்னைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்தார். "தம்பி காதுக்குப் போவக்கூடாதுன்னா. ஆசையா பாத்து எடுத்துக் குடுத்தான், மனசு ஒடஞ்சிருவான்னா."

"அதுக்காக? ரெண்டு வருஷமா தலைய வெளிய நீட்டிக்கிட்டா ஓட்டுனாங்க?" என்று சொல்லிவிட்டு மீனா என் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தாள். முகம் மாறியது. "மாமா, கீழ போறேன். ஒங்களுக்கு கோப்பி ஓவா, பால் கோப்பியா?" என்றாள்.

அக்கா, அந்த நேரத்தில் அவள் உங்களைப் போலவே இருந்தாள்.

மறுநாள் சரசுவின் மகன் குமார் ஜோகூரிலிருந்து வந்தார். "இந்த ரோட்ல எங்கம்மா இனி வரவேணாம். என் பிளாட்டுக்குக் கீழயே டயாலிசிஸ் சென்டர் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். "ஒம்பதாவது மாடியில நான் யாருகிட்ட பேசுவேன்? லிஃப்ட்டுகிட்டயா?" என்றார் சரசு. கடைசியில் குமார் ஒரு மாதம் கொடுத்தார். "லைட்ட சரி பண்ணுங்க. நானே வந்து முன்னால ஒக்காந்து பாக்குறேன். எனக்குப் பயமா இருந்துச்சுன்னா அம்மா என்கூட வந்துடணும்." சரசு ஒத்துக்கொண்டார். அதுவரை ஈப்போவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார். என் மனைவி ரசத்துக்குப் புளி அதிகம் விடுகிறாள் என்பது அவருடைய தினசரிப் புகார்.

சரசு வந்த முதல் வாரத்தில் ஒருநாள் கேட்டேன். "அக்கா என்னத் திட்டுனாங்களா?"

"திட்டாம? இறக்கத்துக்கு வந்தா தெனம் திட்டுவா. மேட்டுல ஏறுனதும், 'பாவம்டி அவன்' ம்பா."

போன வாரம் மழை பெய்த மறுநாள் விடியலில் மீனா, ஆ சோங், நான் மூவரும் இறக்கத்துக்கே போனோம். ஆ சோங் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த மஞ்சள் விளக்குகளைத் தற்காலிகமாகக் கட்டினார். நான் கறுப்பு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வண்டி முன்னால் அடி எண்ணியபடி நடந்தேன். நான் பனியில் மறைகிற இடத்தில் கத்தும்படி மீனாவிடம் சொல்லியிருந்தேன். கூரையில் வெள்ளை எரிந்தபோது எட்டாவது அடியில் கத்தினாள். அதே கூரையில் மஞ்சளை வைத்தபோது பதினான்கு. மஞ்சளைக் கீழே பம்பரில், அகலமாகத் தரையை ஒட்டி அடிக்கும்படி வைத்தபோது முப்பது அடி தாண்டியும் அவள் கத்தவில்லை. "மாமா, ஒங்க செருப்பு தெரியுது! கால்வாய் ஓரம் தெரியுது!" என்றாள். ஒளி பனிக்குக் கீழே புகுந்து போனது. மேலிருந்து வந்தது பனியில் மோதி ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பியது. நான் அந்த ஒரு வாரம் படித்ததில் எங்கோ இது ஒரு வரியாக இருந்திருக்கும். நான் மீட்டர்களை மட்டும் எழுதிக்கொண்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னேன் லா. யாரு கேட்டா? மலைதான் கேட்டுச்சு" என்றார் ஆ சோங். பிறகு ஒயரைச் சுருட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். விளக்கு மாட்டிய மூன்றாவது வாரம் நீங்கள் தனியாகக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். "ஆ சோங், மஞ்ச லைட்ட பேப்பரு கண்ணுக்குத் தெரியாம எங்கயாச்சும் போட முடியுமா?" பம்பரில் போடுவதை எப்படி மறைப்பது, தாக் போலே, முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். சிரித்துவிட்டு வந்துவிட்டீர்களாம்.

செருப்பெல்லாம் சேறாக, அந்தப் பள்ளத்தில் நின்று நானும் சிரித்தேன். மீனா பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

இனி ஆ சோங் சொல்வதுதான். முன்னால் பம்பரில் இரண்டு மஞ்சள். மேல்கேரியரில் முன்பக்கம் எதுவும் கிடையாது. பக்கவாட்டிலும் பின்னாலும் ஒவ்வொரு சின்ன விளக்கு, சரசு ஏறி இறங்கும்போது படி தெரிவதற்கு மட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், தனி ஃபியூஸ். நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

நீங்கள் ஈரப் பனியில் தலையை நீட்டிக்கொண்டு ஊர்ந்த காட்சியை நான் பார்க்கவில்லை. ஒரு முறைகூட அந்த நேரத்தில் உங்களோடு வரவில்லை. சரசுவின் வாய்மொழிதான் ஆதாரம். ஆனாலும் நான் பார்த்த எத்தனையோ காட்சிகளைவிட அதுதான் தெளிவாக இருக்கிறது. அதோடு அந்தப் "பாவம்டி"யும். அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. இறக்கிவைக்கவும் மனமில்லை.

இனி நடக்க வேண்டியவை. பம்பர் விளக்குகள் பினாங்கிலிருந்து வியாழக்கிழமை வரும். வெள்ளி மதியத்துக்குள் பொருத்திவிடுவதாக ஆ சோங் சொல்கிறார். ஞாயிறு சாயங்காலம் குமார் வந்து சரசுவை லயத்தில் கொண்டுபோய் விடுவார். திங்கள் நாலே முக்காலுக்கு வண்டி கிளம்பும். மீனா ஓட்டுவாள், குமார் பக்கத்தில், சரசுவும் நானும் பின்னால்.

அன்று பனி இல்லாமல் இருந்தால் நல்லது, பாதை தெளிவாகத் தெரியும், மகன் மனம் இளகும் என்று என் மனைவி சொன்னாள். சரசு ஒத்துக்கொள்ளவில்லை. "மழ பெய்யணும். பனி இல்லாத அன்னிக்கு ஏத்திக் காட்டிட்டு, அப்புறம் நான் பயந்துகிட்டே போவவா? அவன் முழுசா பாக்கட்டும். பாத்துட்டுச் சொல்லட்டும்."

ஞாயிறு மாலை மழைக்கு வாய்ப்பு உண்டு என்கிறது வானிலை அறிக்கை. குமாரின் முடிவு திங்கள் காலை பத்து மணிக்கு, சரசுவுக்கு ஊசி கழற்றும் நேரத்தில் தெரியும்.