செம்பரம்பாக்கத்துக் காட்டுப்பன்றியும் என் வலது கையும்

21 பிப்ரவரி 1969, வெள்ளி

காலையில் பனி. பிளேடு மொக்கை. தாடையில் இரண்டு கீறல்.

கேண்டீனில் முனுசாமி. லேத்தில் என் பக்கத்து மிஷின். செம்பரம்பாக்கம் ஏரியோரம் அரைக் காணி வேர்க்கடலை. பாதி காட்டுப்பன்றி வயிற்றில். ஞாயிறு அவன் பெண்ணின் மாப்பிள்ளை வீட்டார் முதல்முறை விருந்துக்கு வருகிறார்கள்.

“கடலைய வித்து ஆடு வாங்கலாம்னு இருந்தேன் அண்ணாத்தே. இப்ப அந்தப் பன்னியத்தான் ஆக்கிப் போடணும்.”

சுடுவதற்கு அவன் ஊர் மிலிட்டரிக்காரர், லைசென்ஸ் துப்பாக்கியோடு. அறுக்க?

“நான் இருக்கேன்” என்றது என் வாய். மைசூர்க் காட்டில் மானைக் கிழித்த கதையை நாலு வருஷமாக அதே மேஜையில் அளந்தவன் வேறென்ன சொல்வது? நான் கிழித்ததெல்லாம் காலண்டர் தாள்.

22, சனி

அரை ஷிப்ட். நாலரைக்குப் பன்றி விழுந்தது. எருமைக்கன்று சைஸ். எங்கே கத்தி வைப்பதென்றே தெரியவில்லை. “கத்தி தீட்டிக்கினு வரேன்” என்று சைக்கிளில் பூந்தமல்லிக்கு ஓட்டம். கறிக்கடைக் காசிம் பாயிடம் “பெரிய உருப்படி” என்று மட்டும் சொல்லி, அவரைப் பின்னால் ஏற்றித் திரும்பும்போது மணி ஆறு. அவசரத்தில் அந்த ஒன்று மண்டையில் உறைக்கவே இல்லை.

பாய் பார்த்தார். நாலடி பின்வாங்கினார்.

“இன்னா சாரே, பன்னிக்கா என்னை இட்டாந்தே?”

போயிருக்கலாம். முனுசாமி முகத்தைப் பார்த்தார், போகவில்லை. கரைமேல் ஏறி, எங்களுக்கு முதுகு காட்டி, ஏரியைப் பார்த்துச் சொன்னார்:

“ஆடுன்னு நெனச்சிக்கோ. நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு கீறேன். ரெண்டு வெரலை உள்ள வுட்டுத் தோலைத் தூக்கு. கத்தி முனை மேல பாக்கணும். குடல்ல பட்டா கறி போச்சி.”

பொழுது இறங்கிவிட்டது. தோல், ரத்தம், என் விரல், எல்லாம் ஒரே கறுப்பு. நான் ஊர் சுற்றிய ஒன்றரை மணி நேரத்தில் பன்றி வயிறு வேறு ஊதித் தம்மென்று.

“முனை மேல பாக்குதா?”

“பாக்குது பாய்.”

எதைப் பார்த்ததோ. புஸ்ஸென்று ஒரு சத்தம். நாற்றம் கரை ஏறியது.

பாய் திரும்பாமலே: “போச்சா?”

எட்டுக் குடம் ஊற்றிக் கழுவினோம். தண்ணீரும் சேர்ந்து நாறியது.

முனுசாமி திட்டவில்லை. மண்வெட்டி எடுத்து வந்தான். கடலைக் கொல்லையிலேயே குழி.

23, ஞாயிறு

வெயில். சீயக்காய், எலுமிச்சை, மண்ணெண்ணெய், சாம்பல். கை நாற்றம் போகவில்லை. விருந்துக்குப் போகாமலிருக்கப் பார்த்தேன். காலையிலேயே முனுசாமி ஆள் அனுப்பிவிட்டான்.

சம்பந்தி வீட்டார் ஏழு பேர். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். முனுசாமி எல்லோரையும் “கூச்சப்படாம சாப்டுங்க” என்கிறான். என்னையும்தான்.

என் பக்கத்து இலை மாப்பிள்ளையின் மாமா. மூக்கை உறிஞ்சினார்.

“கறி வாடை அடிக்குது, இலைக்கு வரக் காணோமே?”

முனுசாமி என்னைப் பார்க்கவில்லை. அவன் பெண் பார்த்தாள். என் இலையில் இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். “சாப்புடுங்க பெரியப்பா.”

வலது கை மடியில். சோறு ஆறிப்போயிற்று.